உதட்டில் முடிந்த சம்பந்தம்

லூர்துராணிக்கு எட்டு வயதில் வந்த விஷக்காய்ச்சல் பத்து நாளில் இறங்கியது. இறங்கும்போது இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. பேச்சு மட்டும் தங்கியது. தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்று அவளுக்கே தெரியாததால், உப்பு கேட்டால்கூட அவர்கள் குடியிருந்த திருச்சிப் பாலக்கரையில் நாலு வீட்டுக்குக் கேட்கும். மற்றவர்கள் பேசுவதை அவர்கள் உதட்டைப் பார்த்தே பிடித்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பெண்கள் பக்கம் நடக்கும் கிசுகிசுப்பு முழுவதும் அவளுக்கு அத்துப்படி.

1958-இல் லால்குடியிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பிலோமின்ராஜ், திருச்சி அச்சாபீஸ் ஒன்றில் எழுத்துக் கோர்ப்பவன். கூட வந்தது அவனுடைய அக்கா பாக்கியமேரி.

அன்று காலையிலேயே அம்மா அற்புதம்மாள் திட்டம் போட்டிருந்தாள்.

“காது சமாசாரத்தை அப்புறம் சொல்லிக்கலாம். நீ குனிஞ்ச தலை நிமிராம உட்காரு, வெட்கம்னு நெனச்சுக்குவாங்க. நான் காலால ஒரு தட்டு தட்டினா ‘சரிங்க’ன்னு சொல்லு. ரெண்டு தட்டினா ‘இல்லீங்க’.”

“தலையைக் குனிஞ்சா நான் யாரு வாயைம்மா பார்ப்பேன்?”

“என் காலைப் பாரு, போதும்.”

அவர்கள் வந்து உட்கார்ந்ததும் லூர்துராணி அம்மாவின் காலைப் பார்த்தாள். ஒரு தட்டு. “சரிங்க!” என்றாள். இன்னொரு தட்டு. “சரிங்க!” இப்படி நாலைந்து கேள்வி நல்லபடியாகவே போயிற்று. என்னென்ன கேட்டார்கள், எதற்கெல்லாம் சம்மதித்தோம் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. அப்போது கேசரித் தட்டிலிருந்து சிந்திய துணுக்கைத் தேடிக்கொண்டு ஓர் எறும்பு வந்தது. அது அம்மாவின் கால் கட்டைவிரலில் ஏறிக் கடித்தது. அம்மா காலை இரண்டு முறை உதறினாள்.

“இல்லீங்க!” என்றாள் லூர்துராணி, தெருவுக்கே கேட்கும்படி.

அம்மாவின் கால் அப்படியே உறைந்துவிட்டது. ஏதோ கெட்டுவிட்டது என்று புரிந்து லூர்துராணி தலையை நிமிர்த்தினாள். ‘மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்காம்மா?’ என்பதுதான் கேள்வி என்று பிற்பாடு தெரிந்தது. எதிரே பிலோமின்ராஜின் முகம் சுண்டிப்போயிருந்தது. அவன் வாயைத் திறக்கப் பார்த்தான். அக்கா அவன் முழங்கையைப் பிடித்து இழுத்துக் காதோடு கிசுகிசுத்தாள். அவள் உதடு லூர்துராணிக்குத் தெளிவாகத் தெரிந்தது: ‘நீ பேசாதே. திக்குவாய்னு தெரிஞ்சா சம்பந்தமே போயிடும்.’

“திக்குவாயா இருந்தா என்னங்க?” என்றாள் லூர்துராணி.

பாக்கியமேரி வாயில் கை வைத்தாள். “எனக்கே கேட்காத மாதிரிதானே சொன்னேன்! என்ன கூர்மையான காதும்மா உனக்கு!”

“எனக்குக் காதே கேட்காதுங்க. உங்க உதட்டைப் பார்த்தேன்.”

அற்புதம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆனால் பிலோமின்ராஜ் சிரித்துவிட்டான். சிரித்த கையோடு பேசவும் முயன்றான். முதல் எழுத்திலேயே தாடை மாட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. அக்கா அவனுக்காகச் சொல்லி முடிக்கப் பாய்ந்தாள்.

“அவரே சொல்லட்டுங்க” என்றாள் லூர்துராணி. பிறகு அவனிடம், “எனக்குச் சத்தம் எதுக்குங்க? சும்மா உதட்டை மட்டும் அசைங்களேன்.”

அவன் அசைத்தான். சத்தமில்லாத பேச்சு வழுக்கிக்கொண்டு வந்தது. அச்சாபீஸில் எழுத்துக் கோர்க்கும்போது தனக்குள் வாசித்துக்கொள்வதாகவும், அங்கே ஒரு நாளும் திக்கியதில்லை என்றும் சொன்னான். வீட்டைப் பற்றிச் சொன்னான். மற்ற இருவருக்கும் மீன் வாயசைப்பதுபோல ஒரு மனிதரும், அவரைப் பார்த்துக் கண் அகன்று போன ஒரு பெண்ணும்தான் தெரிந்தார்கள்.

“என்னடி சொல்றாரு?” என்று அம்மா அவள் தோளைத் தட்டினாள்.

“மணப்பாறைச் சந்தையில நல்ல பாட்டு ஒண்ணு வாங்கினாங்களாம். தினம் நாலு படி பால் கறக்குதாம்!”

“மாடு!” என்று பிலோமின்ராஜ் வாய்விட்டுக் கத்தினான். ஒரு திக்கல்கூட இல்லை. ‘ப’வுக்கும் ‘ம’வுக்கும் உதடு ஒரே மாதிரிதான் ஒட்டும் என்று அவள் விளக்கி முடிப்பதற்குள், அக்கா இரண்டாவது கேசரி கேட்டுவிட்டாள்.

தை மாதம் கல்யாணம். கோயிலில் வாக்குக் கொடுக்கும் நேரம் வந்தபோது, “வாயசைச்சாப் போதுமே, பொண்ணுக்குப் புரியுமே” என்று சாமியார் மெதுவாகச் சொன்னார். பிலோமின்ராஜ் தலையை ஆட்டி மறுத்தான்.

“ஊ...ஊ...ஊருக்கும் கே...கேட்கணும் சாமி.”

ஒவ்வொரு சொல்லையும் முட்டி மோதிக்கொண்டு வெளியே கொண்டுவந்தான். ஒருவரும் எடுத்துக் கொடுக்கவில்லை; பாக்கியமேரி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். லூர்துராணி அவன் வாயிலிருந்து கண்ணை எடுக்காமல் கடைசி எழுத்துவரை காத்திருந்தாள்.

பிறகு அவளுடைய முறை வந்தது. அவள் சொன்னது பாலக்கரை முழுக்கக் கேட்டது.