இடது பக்கத்து இருக்கை

பெங்களூரிலிருந்து ஹுப்பள்ளிக்குப் போகிற எழுபது இருக்கை விமானம் துமகூரு தாண்டியதும் மேகத்துக்குள் நுழைந்தது. நுழைந்த மாத்திரத்தில் கண்ணாடிக்கு வெளியே உலகம் இல்லாமல் போனது. மேலும் இல்லை, கீழும் இல்லை, பால் வெள்ளையாக ஒரு வெளிச்சம் மட்டும். கேப்டன் தாரணிக்கு இந்த இடம் எப்போதுமே பிடிக்கும். பெரிய ஜெட் விமானங்கள் மேகத்தைக் கிழித்துக்கொண்டு மேலே போய்விடும். அவளுடைய சின்ன விமானத்துக்கு அந்த உயரம் எட்டாது. மேகத்தோடு மேகமாகத்தான் போயாக வேண்டும். அந்தப் பத்து நிமிஷமும் எங்கே இருக்கிறோம் என்பது எதிரே இருக்கும் கருவிகளுக்குத்தான் தெரியும். தெரியாமல் மிதப்பதில் ஒரு சுகம் இருந்தது. ஆனால் இன்றைக்கு அந்த வெள்ளைக்குள்ளும் சாயங்காலம் ஐந்து மணிக் கெடு மட்டும் அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்தது.

ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். பெரிய கம்பெனி ஒன்று அவளைக் கூப்பிட்டிருந்தது. முன்னூறு பேரை ஏற்றிக்கொண்டு கடல் தாண்டும் விமானம், ஒரே மூச்சில் பதினான்கு மணி நேரம். ஆனால் வலது பக்கத்து இருக்கை. விமானத்தில் பின்னால் உட்கார்ந்து போகிறவர்களுக்கு இதன் கனம் சட்டென்று பிடிபடாது. இடது பக்கம் கேப்டன் உட்காருகிற இடம், வலது பக்கம் துணை விமானி. கம்பெனி மாறி அவ்வளவு பெரிய விமானத்துக்குப் போகிறவர் அங்கே பணிமூப்புப் பட்டியலின் கடைசிப் பெயராகத்தான் சேர முடியும். இங்கே ஏழு வருஷம் கேப்டனாக இருந்தேன் என்று தலைகீழாக நின்று சொன்னாலும் தோளில் இருக்கும் நாலு பட்டையில் ஒன்று போய்விடும். மறுபடி இடது பக்கம் வருவதற்குப் பத்து வருஷம் ஆகலாம். அவளுக்கு இப்போதே நாற்பத்தொன்று.

கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து எந்தெந்த நாட்டுக்கெல்லாம் போயிருக்கிறாய் என்று ஆசையாகக் கேட்பார்கள். ஹுப்பள்ளி, சேலம், கலபுரகி என்று இவள் சொல்லச் சொல்ல அவர்கள் முகம் தொங்கிப் போகும். ஒரு சித்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் போகப்போக சரியாயிடும் என்று ஆறுதல் வேறு சொன்னாள். தாரணி அதையெல்லாம் சிரித்துக்கொண்டே கடந்துவிடுகிறவள்தான். ஆனால் பதினேழு வருஷம் விமானம் ஓட்டியும் ஒரு தடவைகூடக் கடலைத் தாண்டியதில்லை என்பது அவளுக்கு உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. நடுக்கடலின் மேல் விடிவதைப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் கரை தெரியாத இடத்தில் இருக்க வேண்டும். இந்த வயதில் இப்படி ஓர் ஆசையா என்று அவளுக்கே கூச்சமாக இருந்ததால் யாரிடமும் சொல்லவில்லை.

கணவன் ஹரிஷ்குமாரிடம் மட்டும் பாதி சொல்லியிருந்தாள். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் ஹரிஷ், ஹெப்பகோடி வீட்டிலிருந்து இருபது நிமிஷத்தில் ஆபீஸ் போய்விடுகிறவன். அவளுக்கோ விமான நிலையம் ஊரின் மறுகோடி. கம்பெனி கார் மேம்பாலம் ஏறி ஊரைக் குறுக்கே கடக்க இரண்டு மணி நேரம். அப்படியும் பெரும்பாலான நாள் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்பிவிடுவாள். பெரிய கம்பெனி என்றால் வாரத்தில் நாலு நாள் எங்கேயோ ஓர் ஓட்டல் அறை. வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், மகளையும் பார்த்துக்கொள்கிறேன், முடிவு உன் இஷ்டம் என்றான். இரண்டு வாரமாக அதே உன் இஷ்டம்தான். ஒரு சண்டை போட்டிருந்தாலாவது எந்தப் பக்கம் சாய்வது என்று தெரிந்திருக்கும் என்று அவள் நினைத்தாள்.

அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தவர் கோதண்டராமன். ஐம்பத்தேழு வயது, நரைத்த மீசை, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. தோளில் மூன்று பட்டை. ஒரு காலத்தில் அவரும் ஜெட் விமானத்தில் பதினோரு வருஷம் கேப்டனாக இருந்தவர்தான். அந்தக் கம்பெனி ஒரு நாள் மூடிவிட்டது. அதன்பின் நாலு வருஷம் மைத்துனருடைய பி.ஜி. ஹாஸ்டலில் மெஸ் கவனித்துக்கொண்டிருந்தார். காலையில் எத்தனை பேருக்குச் சப்பாத்தி என்று தலை எண்ணுகிற வேலை. பிறகு இந்தக் கம்பெனியில் துணை விமானியாகச் சேர்ந்தார். அவளை அவர் கேப்டன் என்பார், அவரை அவள் சார் என்பாள். கேட்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும், அவர்கள் இருவருக்கும் அது பழகிவிட்டது.

மேகம் விலகியது. கீழே கரிசல் மண் தெரிந்தது. தாரணி ஹுப்பள்ளியில் இறக்கினாள். பயணிகள் இறங்கிப் போனார்கள். அடுத்த கூட்டம் ஏற அரைமணி இருந்தது. மே மாத வெயில் ஓடுதளத்தில் அலையடித்தது. இருவரும் இறக்கையின் நிழலில் நின்றார்கள். கோதண்டராமன் டயர்களைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று தாரணிக்குத் தோன்றியது. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று ஆரம்பித்தாள்.

"தெரியும் கேப்டன்," என்றார் அவர். "ரெக்கார்ட்ஸ்ல அவர்ஸ் சர்டிஃபிகேட் கேட்டீங்கல்ல. அன்னிக்கே எல்லாருக்கும் தெரியும்."

தாரணிக்குக் காது சூடானது. இத்தனை மணி நேரம் விமானம் ஓட்டியிருக்கிறார் என்று கம்பெனி முத்திரை போட்டுத் தரும் காகிதம் அது. அதைக் கேட்டு வாங்கி யாரும் வீட்டில் சட்டம் போட்டு மாட்டுவதில்லை. வேறு கம்பெனிக்குக் கிளம்புகிறவர்கள்தான் கேட்பார்கள். காதும் காதும் வைத்தமாதிரி காரியம் செய்வதாக நினைத்துக்கொண்டு ஊருக்கே தண்டோரா போட்டிருக்கிறாள். இரண்டு வாரமாக எல்லோரும் தெரிந்துகொண்டே அவளோடு சிரித்துப் பேசியிருக்கிறார்கள். சரி, வெட்கப்பட்டு இனி ஆகப்போவதில்லை என்று நேராகவே கேட்டாள்.

"இடது பக்கத்துல உக்காந்துட்டு வலது பக்கம் வர்றது எப்படி சார் இருந்தது?"

அவர் எரிபொருள் வண்டி குழாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதை என்கிட்ட கேக்காதீங்க கேப்டன். நீங்க போனா அடுத்த கமாண்ட், இந்தக் கேப்டன் சீட்டு, எனக்குத்தான் வரும். மார்ச்சுல எனக்கு அம்பத்தெட்டு முடியுது, அதுக்கப்புறம் இங்க கேப்டன் ஆக்க மாட்டாங்க. பரவால்ல, போங்கன்னு சொன்னா அதுல என் சுயநலம் இருக்கு. கஷ்டம், போகாதீங்கன்னு சொன்னா, நான் நல்லவன்னு காட்டிக்கறதுக்காகச் சொன்ன மாதிரி ஆயிடும்." குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "ரெண்டு வாரமா நீங்க போகணும்னுதான் வேண்டிக்கறேன். மன்னிச்சுக்கோங்க."

தாரணிக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். பட்டியலில் யார் எத்தனையாவது என்பது கம்பெனியில் எல்லோருக்கும் மனப்பாடம், அவளுக்கும்தான். ஆனால் தன் கவலையிலேயே ஊறிக் கிடந்தவளுக்கு, தன் இருக்கை காலியானால் அதில் யார் உட்காருவார் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. வலது இருக்கை எப்படி இருக்கும் என்று அனுபவித்துச் சொல்லக்கூடியவர் இவர் ஒருவர். சொல்ல முடியாத இடத்தில் இருப்பவரும் இவரேதான். அவளுக்கு அவர்மேல் பாவமாகவும், தன்மேல் வெட்கமாகவும் இருந்தது.

திரும்புகிற பயணம் முறைப்படி அவர் ஓட்ட வேண்டியது. போகும்போது ஒருவர், வரும்போது ஒருவர் என்பது வழக்கம். ஆனால் யார் ஓட்டினாலும் வானிலை மோசமானால் எந்தப் பக்கம் விலகுவது என்ற முடிவு கேப்டனுடையது. படியேறும்போது தாரணி திரும்பி நின்று சொன்னாள். "இந்தத் தடவை முடிவெல்லாம் நீங்களே எடுங்க சார். நான் எதுவும் சொல்ல மாட்டேன். வலது பக்கத்துல உக்காந்திருக்கறதா நெனச்சுக்கறேன்."

அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

தாவணகெரே தாண்டியதும் எதிரே ஒரு மழைமேகம் கோபுரமாக எழும்பி நின்றது. உச்சி தட்டையாக விரிந்திருந்தது, அடிவயிறு கறுப்பு. கோதண்டராமன் பழக்க தோஷத்தில் அவள் பக்கம் திரும்பினார். லெஃப்ட்டா ரைட்டா கேப்டன் என்று கேட்க வாயெடுத்தவர், நினைவு வந்ததும் நிறுத்திக்கொண்டார். தாரணி வாயைத் திறக்கவில்லை. அவளாக இருந்தால் இடப்பக்கம், முப்பது மைல். அவர் வலப்பக்கம், இருபது மைல் என்றார். சொல்லும்போது அவருடைய குரல் வேறாக இருந்தது. அவள் ரேடியோவில் அந்த வலப்பக்கம் இருபதுக்கு அனுமதி கேட்டாள். கட்டுப்பாட்டு அறை சரியென்றது. விமானம் சாய்ந்து திரும்பியது.

இருபது மைல் போதாது என்ற வார்த்தை அவளுடைய நாக்கு நுனிவரை வந்து நின்றது. அதை மென்று விழுங்கினாள். விமானம் இரண்டு தடவை தூக்கிப் போட்டது. பின்னால் ஒரு குழந்தை அழுதது. மூன்றாவது குலுக்கலில் அவளுடைய விரல்கள் தொடையைப் பிடித்துக்கொண்டன. வலது பக்கத்துக்குப் போனால் இதுதான், பத்து வருஷம் இதுதான் என்று பயந்தாள். பிறகு எல்லாம் அடங்கியது. இருபது மைல் போதுமானதாகவே இருந்தது.

அடங்கியபின் அவளுக்குச் செய்வதற்கு வேலை குறைந்து போயிற்று. அடுத்த முடிவு, அதற்கடுத்த முடிவு என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் வண்டி நின்றுவிட்டது. ஏழு வருஷத்தில் முதல்முறையாகப் பக்கவாட்டுக் கண்ணாடி வழியே சும்மா வெளியே பார்த்தாள். இடப்பக்கம் குட்டிக் குட்டி வெள்ளை மேகங்கள் வெயிலில் நனைந்து நின்றன. அவற்றின்மேல் விமானத்தின் நிழல் சின்னதாக ஓடி வந்தது. நிழலைச் சுற்றி வட்டமாக ஒரு வானவில். ஒரு மேகத்தில் ஏறும், இடைவெளியில் காணாமல் போகும், அடுத்த மேகத்தில் பெரிதாகி வந்து நிற்கும். பார்க்கிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ, நிழலில் அந்த இடத்தைச் சுற்றித்தான் அந்த வட்டம் விழும் என்று பயிற்சிக் காலத்தில் படித்திருந்தாள். பின்வரிசைப் பயணிக்கு வால் பக்கத்தைச் சுற்றி, அவளுக்கு மூக்குப் பக்கத்தைச் சுற்றி. படித்ததோடு சரி, நின்று பார்த்ததில்லை. எத்தனை மத்தியானங்கள் இது தன்னுடனேயே ஓடிவந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். நாற்பதாயிரம் அடியில், கீழே மேகமே இல்லாத கடலில், இந்த நிழல் எங்கே போய் விழும் என்று யோசித்தாள். எங்கேயும் விழாது என்றுதான் தோன்றியது. அதையும் பார்க்க வேண்டும்போல இருந்தது.

நாலேகாலுக்கு பெங்களூரில் இறங்கினார்கள். அவர் பூப்போல இறக்கினார். அவள் நன்றாக இருந்தது சார் என்றாள். அவர் தேங்க்யூ கேப்டன் என்றார். விமானத்தின் பதிவுப் புத்தகத்தில் தாரணி கையெழுத்துப் போட்டாள். பயணிகள் இறங்கினார்கள், பணிப்பெண்களும் போய்விட்டார்கள். அன்றைக்கு அவர்கள் இருவருக்கும் வேலை முடிந்தது. அவர் நீங்கள் போங்கள், நான் பின்னால் வருகிறேன் என்றார். படியிறங்கி பஸ் வரைக்கும் நடந்தபிறகுதான் அவளுக்குக் கண்ணாடி நினைவு வந்தது. வெயில் கண்ணாடியை இருக்கைக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டாள். திரும்பி நடந்தாள்.

விமானிகள் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. கோதண்டராமன் இடப்பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார். எதையும் தொடவில்லை. இரண்டு கைகளும் மடியில் கிடந்தன. கண் மூடியிருந்ததா திறந்திருந்ததா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. தோள்கள் மட்டும் தளர்ந்து, வீட்டுக்கு வந்துவிட்ட மனிதனாக அவர் உட்கார்ந்திருந்தார். யாரோ சாமி கும்பிடும்போது குறுக்கே போய்விட்ட மாதிரி தாரணிக்குக் கூசியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஷூ சத்தம் வராமல் பின்னால் நகர்ந்தாள்.

நடுவரிசைகளில் எல்லம்மா சீட் பெல்ட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். துப்புரவு வேலைக்கு தினமும் வருகிறவள். அவள் தாரணியைப் பார்த்தாள், பிறகு அந்தக் கதவைப் பார்த்தாள்.

"சார் உங்க ஃப்ளைட்டுல வர்ற அன்னிக்கெல்லாம் கொஞ்ச நேரம் அங்க உக்காருவாரும்மா," என்று மெதுவாகச் சொன்னாள். "நாங்க அந்த ரூமை கடைசியாத்தான் கூட்டுவோம்."

தாரணி தலையாட்டினாள். போவதா நிற்பதா என்று தெரியாமல் ஜன்னலோரம் ஒரு பயணி இருக்கையில் உட்கார்ந்தாள். எல்லம்மா மடித்து வைத்த பெல்ட் தொடைக்குக் கீழே உறுத்தியது. உருவி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கையில் ஃபோன் திறந்திருந்தது. நாலு நாற்பத்திரண்டு. பெரிய கம்பெனியின் கடிதத்தில் சம்மதம், சம்மதமில்லை என்று இரண்டு கட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவர் எழுந்து வரட்டும் என்று காத்திருந்தாள். அவர் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே மழைக்கு முந்தைய காற்று வீசத் தொடங்கியிருந்தது. இன்னும் கட்டிவைக்கப்படாத ப்ரொப்பெல்லர், எஞ்சின் நின்று வெகுநேரமான பிறகும், அந்தக் காற்றுக்குத் தானாக மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.