அக்கரையில் செல்லாத உரிமம்

நெட்ரா டீட்டர் அந்தத் துப்பாக்கி உரிமத்தை வாங்கியதே வெளி மாநிலங்களுக்காகத்தான். அவள் வசிக்கும் மேற்கு வர்ஜீனியாவில் கைத்துப்பாக்கியைப் பையில் மறைத்து எடுத்துப்போக அவளுக்கு உரிமம் தேவையில்லை. வட கரோலினாவில் இருக்கும் மகளைப் பார்க்கத் தனியாகக் காரோட்டிப் போகும்போது தேவை. ஒருமுறை பெட்ரோல் நிலையத்தில் எவனோ அவள் கார்க் கதவைத் திறந்து உள்ளே ஏறப் பார்த்தான். அதன் பிறகுதான் துப்பாக்கி வாங்கினாள்.

பயிற்சி வகுப்பில் ஒரு வரைபடம் காட்டினார்கள். நம் உரிமத்தை ஏற்கும் மாநிலங்கள் பச்சை. பொட்டோமாக் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மேரிலாந்து வெள்ளை. "பாலம் தாண்டினா இது வெறும் அட்டைதான்" என்றார் பயிற்சியாளர்.

அவள் கணவன் ஆர்வலுக்குப் பக்கவாதம் வந்தபோது ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேரிலாந்து மருத்துவமனையில்தான் சேர்த்தார்கள். பத்தொன்பது நாட்கள், பள்ளிப் பேருந்து ஓட்டி முடித்ததும் வீட்டுக்கு வந்து, அங்கே வைத்திருந்த பையிலிருந்து துப்பாக்கியை எடுத்து அலமாரியில் பூட்டிவிட்டுப் போனாள்; திரும்பியதும் மறுபடி பையில் வைத்தாள். இருபதாம் நாள் காலை ஆறே முக்காலுக்குத் தொலைபேசி வந்தது. உடனே வரச் சொன்னார்கள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வாசலில் பைகளைச் சோதிக்கும் காவலாளி டெஸ்மண்ட் அவளுக்குப் பழக்கமாகியிருந்தார். அன்று அவர் திரையைப் பார்த்தபடியே இருந்தார்.

"நெட்ரா, பையில என்னம்மா இருக்கு?"

அவள் உரிமத்தை எடுத்து நீட்டினாள்.

"இது இங்க செல்லாதுன்னு தெரியும்ல?"

"தெரியும். துப்பாக்கிய வீட்ல வெச்சிட்டு வர மறந்துட்டேன். நான் மேல போகணும், டெஸ்மண்ட்."

அவர் அதற்குள் மேசைக்கு அடியில் இருந்த, போலீஸை அழைக்கும் பொத்தானை அழுத்தியிருந்தார்.

ப்ரையர் என்ற போலீஸ்காரர் அவளை ஒரு சிறிய அறையில் உட்காரவைத்துப் பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். நடுவில் ஒரு நர்ஸ் வந்து, ஆர்வல் ஏழே முக்காலுக்கு இறந்துவிட்டதாகச் சொன்னாள்.

"சரி" என்றாள் நெட்ரா.

ப்ரையர் எழுதுவதை நிறுத்தினார். "வாங்க, பாத்துட்டு வந்துரலாம். விலங்கு அப்புறம் மாட்டிக்கலாம்."

ஆர்வலின் தலையை யாரோ தப்பான பக்கம் வகிடெடுத்து வாரியிருந்தார்கள். விரல்களால் சரிசெய்தாள். ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தாள். எதுவும் தோன்றவில்லை. ப்ரையர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பத்து நிமிடம் கழித்து அவளே எழுந்து இரு கைகளையும் நீட்டினாள்.

மாலையில் விடுவித்தபோது ஆர்வலின் தங்கை கார்லா அழைத்துப்போக வந்தாள். வழியெல்லாம் ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டே வந்தாள்.

"அஞ்சே நிமிஷம்! மேல விட்டுட்டு அப்புறம் பிடிச்சிருந்தா அவனுங்களுக்கு என்ன கொறஞ்சு போயிருக்கும்?"

"அவங்க வேலைய அவங்க பாத்தாங்க."

"உனக்கு அழுகையே வராதா அண்ணி?"

"தெரியல."

பாலத்தின் நடுவில் கார்லா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இந்தா, தாண்டியாச்சு. இனிமே நீ குத்தவாளி இல்ல, நல்லவ."

நெட்ரா ஆற்றைப் பார்த்தாள். தண்ணீர் குறைவாக இருந்தது.

வழக்கு முடியும்வரை பேருந்தைத் தொடக்கூடாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். நான்கு மாதம் கழித்து, துப்பாக்கியைத் திருப்பிக் கேட்பதில்லை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு அரசு வழக்கறிஞர் வழக்கை மேற்கொண்டு நடத்தாமல் ஒதுக்கி வைத்தார். நீதிபதி ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். இல்லை என்றாள்.

வெளியே டெஸ்மண்ட் நின்றிருந்தார். சாட்சிக்கு யாரும் அவரைக் கூப்பிடவில்லை. லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

"அன்னிக்கு பொத்தான கொஞ்சம் லேட்டா அழுத்தியிருக்கலாம். தெனமும் நெனச்சுக்கறேன்."

"உங்க மேல கோவம் இல்ல. யார் மேலயும் இன்னும் வரல. வந்தா சொல்றேன்."

மறுவாரம் பள்ளியில் திரும்ப அழைத்தார்கள். முதல் நாள் நாற்பத்தொரு பிள்ளைகளை இறக்கிவிட்டு, காலிப் பேருந்தைச் சாலையோரம் நிறுத்தினாள். அழுகை வரும்போலிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தாள். வரவில்லை. வண்டியை எடுத்தாள்.