ஏலக்காரர் சொன்ன சரி

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இத்தனைக்கும் விருது அவளுக்குத்தான். மக்களுக்குப் பயன்பட்ட ஆய்வுகளைப் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் மேடையேற்றிக் கொண்டாடும். இந்த முறை முதல் பரிசு அவளுடைய பேச்சுப் பயிற்சித் திட்டத்துக்கு. வாழ்த்துச் சொல்லாத ஆளில்லை. வாசல் காவலர்கூட அவளை நிறுத்தி, "பேனர்ல உங்க படம் நல்லா விழுந்திருக்கு மேடம்" என்றார். சிரித்துவிட்டு அறைக்குப் போனாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், சன்னலைத் திறந்தாள், உடனே மூடினாள்.

காரணம் ஏலக்காரர்.

அவர் காய்கறிச் சந்தையில் ஏலம் கூறியவர். லாரிகளின் உறுமலையும் தாண்டி அவர் குரல் சந்தையின் அந்தக் கோடிவரை போகும். அவர் வாயைத் திறந்தால் வெங்காய மூட்டை தானாக நகரும் என்பார்கள். ஒருநாள் ஏலத்தின் நடுவிலேயே சரிந்து விழுந்தார். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. கையும் காலும் மெல்லத் திரும்பி வந்தன, பேச்சு வரவில்லை. சொல்ல நினைப்பதெல்லாம் உள்ளே பத்திரமாக இருந்தது. வெளியே வந்தது ஒரே சொல்: சரி. பசித்தாலும் அதுதான், கோபம் வந்தாலும் அதுதான்.

முதல்நாள் அவரை அழைத்து வந்த மனைவி சொன்னது அவளுக்கு இன்னும் காதில் இருந்தது. "கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் எதைச் சொன்னாலும் முடியாதுன்னே சொன்ன மனுஷன் டாக்டரம்மா. இப்ப எதைக் கேட்டாலும் சரிங்கிறாரு. நான் ஆசைப்பட்டது இப்படி இல்லையே!"

அவள் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவள். ஆனாலும் வகுப்பில் எல்லோருக்கும் டாக்டரம்மாதான். பேச்சை இழந்தவருக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் போதாது, வீட்டில் இருப்பவர்களுக்கும் கேட்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது அவளுடைய ஆய்வு. காத்திருக்க வேண்டும். பாதியில் சொல்லைப் பிடுங்கி முடித்துவைக்கக் கூடாது. இதையெல்லாம் ஒரு ஆய்வென்று வெளியே யாரும் மதிக்காத காலத்தில், பல்கலைக்கழக ஆய்வு அலுவலகத்தின் இயக்குநர் அம்மாதான் கூட்டத்துக்குக் கூட்டம் சண்டை போட்டு, சனிக்கிழமைகளில் தரைத்தள மண்டபத்தையும் உதவிக்கு இரண்டு மாணவிகளையும் வாங்கிக்கொடுத்தார்.

அந்த மண்டபத்தில் ஏலக்காரருக்குச் சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. தண்ணி, வெங்காயம், வா, சனிக்கிழமை. ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வரும் பக்கத்து நாற்காலித் தையல்காரரும் அவரும் அரைகுறைச் சொற்களை வைத்தே மணிக்கணக்கில் அரட்டை அடித்தார்கள். ஆனால் மறுப்பது மட்டும் அவருக்குக் கைகூடவில்லை. தலையாட்டலையும் நம்ப முடியாது. வேண்டாம் என்று ஆட்ட நினைத்தால் தலை மேலும் கீழும் போகும். பதற்றம் வந்துவிட்டால் மற்ற சொற்களெல்லாம் ஓடி ஒளிந்துகொள்ள, பழைய சரி ஒன்றுதான் எஞ்சும்.

இயக்குநர் அம்மா போன சனிக்கிழமை வகுப்புக்கு வந்தார். "ஐயா, விழாவுல நீங்க மேடையேறி ரெண்டு வார்த்தை பேசணும். பேசுறீங்களா?"

"சரி" என்றார் ஏலக்காரர்.

மண்டபமே கைதட்டியது. அவள் மட்டும் தட்டவில்லை. அது எந்தச் சரி?

திங்கட்கிழமை காலையிலேயே இயக்குநரின் அறைக்குப் போனாள். "அவரை விட்டுடலாம் மேடம். அவருக்கு விருப்பமான்னு எனக்கு நிச்சயமாத் தெரியல."

"அவர்தான் சரின்னு சொல்லிட்டாரே?"

"அதான் மேடம் பிரச்சனையே."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இங்க பாருங்க. இது மக்கள் வரிப்பணத்துல ஓடுற இடம். வருஷா வருஷம் நாமளே மேடையேறி நாமளே மாலை போட்டுக்கிறோம். ஒரு தடவையாவது அந்த மக்கள்ல ஒருத்தர் மைக் பிடிக்கட்டும்னு நினைச்சேன். தப்பா?"

தப்பென்று சொல்ல முடியவில்லை. ஆனால் ஆயிரம் பேர் முன்னால் ஒரு மனிதர் வார்த்தைக்குத் தவித்து நிற்பதை அவளால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. காட்சிப் பொருளாக்குகிறோமோ? விருதுக்கு அவரை விலையாகக் கொடுக்கிறோமோ?

ஏலக்காரரின் வீட்டுக்கே போனாள். மனைவி சேலைகளைக் கட்டில்மேல் பரப்பிவைத்து, எதைக் கட்டுவது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்க. அவர் சொன்னது எந்த சரி? இழுத்துச் சொன்னா பசி, வெட்டிச் சொன்னா கோபம்னு நீங்கதானே சொல்வீங்க?"

"நல்ல சரிதான்மா." அவர் நிமிரவில்லை. "இவரு விழுந்ததுலேருந்து சொந்தக்காரன் ஒருத்தன் வாசப்படி மிதிக்கல. பேசத் தெரியாதவன் வீட்டுல என்ன பேசுறதுன்னு நினைச்சிருப்பாங்க. இவரோட அண்ணன், பொண்ணோட மாமியார், மாமனார்னு எல்லாரையும் விழாவுக்குக் கூப்பிட்டிருக்கேன். வந்து பாக்கட்டும்."

யாருடைய ஆசை இது என்று அவளுக்குப் புரிந்தது. ஏலக்காரர் எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மேடையில பேசணுமா?"

"சரி."

"வேண்டாமா? நான் சொல்லிடட்டுமா?"

"சரி."

காகிதத்தில் ஒரு மேடையும் ஒரு நாற்காலியும் வரைந்து நீட்டினாள். அவர் விரல் மேடைமேல் நின்றது, நாற்காலிக்கு நகர்ந்தது, கடைசியில் காலி டம்ளரைத் தட்டியது. மனைவி இன்னொரு டீ போட எழுந்து போனார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ஒத்திகை இன்னும் மோசம். "பல்கலைக்கழகத்துக்கு நன்றி" என்று சொல்லவைக்க வேண்டுமாம். நல்ல வாய்க்காரனுக்கே நாக்கு சுளுக்குகிற சொல். அவள் அதை "எல்லாருக்கும் நன்றி" என்று சுருக்கிக்கொடுத்தாள். அவர் ஒருமுறை சரியாகச் சொன்னார், அடுத்தமுறை "எல்லாருக்கும் வெங்காயம்" என்றார். மாணவிகள் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். அவரே முதலில் வாய்விட்டுச் சிரித்தார்.

விழா நாளில் அரங்கம் நிரம்பி வழிந்தது. வாய்க்கால் நீரைச் சுத்தம் செய்த குழு, பார்வையற்றோருக்கு வழிகாட்டும் கைத்தடி செய்த மாணவர்கள் என்று ஒவ்வொருவராக மேடையேறினார்கள். அவள் திரைக்குப் பின்னால் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். அவர்கள் முறை வர இன்னும் ஒரு குழுதான் பாக்கி. தாங்காமல் இயக்குநரின் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம் மேடம். அவருக்குப் பதிலா நான் பேசிடறேன்."

இயக்குநர் அவளையே பார்த்தார். "வகுப்புல வீட்டுக்காரங்களுக்கு நீங்க என்ன சொல்லிக்கொடுக்கிறீங்க?"

அவள் கையை விட்டுவிட்டாள்.

ஏலக்காரர் மேடையேறினார். துணைவேந்தர் நல்ல மனிதர். எழுந்து வந்து அவர் தோளைத் தொட்டு, ஒத்திகையில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டார். "இப்ப முழுசா குணமாயிட்டீங்க, இல்லையா ஐயா?"

ஏலக்காரர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அவர் தொண்டை ஏறி இறங்குவது திரைக்குப் பின்னாலிருந்தே தெரிந்தது. அந்தச் சொல் என்னவாக இருந்தாலும் தானே ஓடிப்போய் எடுத்துக்கொடுத்துவிட வேண்டும் என்று அவள் கால் துடித்தது. திரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே யாரோ இரக்கப்பட்டுக் கைதட்டத் தொடங்க, அது பரவியது. போதும் இறங்கிவிடலாம் என்று வழி விடுகிற கைதட்டல்.

ஏலக்காரர் கையை உயர்த்தினார். சந்தையை அடக்கிய கை. அரங்கம் அடங்கியது.

"இல்ல" என்றார்.

அவளுக்குத் தன் காதுகளையே நம்ப முடியவில்லை. விழுந்த நாளிலிருந்து அவர் வாயில் வராத சொல் அது.

"முழுசா... இல்ல." மூச்சு வாங்கினார். "சனிக்கிழமை... பஸ்... இல்ல. தையல்... தையக்காரு... வரல."

அதோடு இறங்கிவிட்டார். நன்றியும் இல்லை, வணக்கமும் இல்லை.

அரங்கம் புரியாமல் விழித்தது. அவளுக்கு மட்டும் சுரீரென்றது. தையல்காரர் வகுப்புக்கு வந்தே பல வாரமாகியிருந்தது. சலிப்பு வந்து நின்றுவிட்டார் என்றுதான் அறிக்கையிலும் எழுதியிருந்தாள். மேடைக்குப் போய் மைக்கை வாங்கி, அவர் சொன்னதை விளக்கினாள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சனிக்கிழமைகளில் பேருந்து குறைவு, அதனால் சிலர் வகுப்புக்கு வர முடியவில்லை போலிருக்கிறது, இது தனக்கே இப்போதுதான் தெரியும் என்றாள். விருதை வாங்கியபோது அது கையில் கனத்தது.

வெளியே மனைவி பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார். "நன்றி சொல்லுன்னு அனுப்பினா பஸ் கேட்டுட்டு வர்றாரு! சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னால என் மானமே போச்சு."

ஏலக்காரரின் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "விடு தாயி. அவன் சின்ன வயசுலேருந்து எதுக்கும் இல்லைன்னுதானே ஆரம்பிப்பான். என் தம்பி திரும்பி வந்துட்டான். நான்தான் இத்தனை நாள் வராம இருந்துட்டேன்."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் தோள் குலுங்கியது, சிரிப்பில்தான். ஏலக்காரர் எதையும் கண்டுகொள்ளாமல் சம்பந்தியின் தட்டிலிருந்த பிஸ்கட்டை எடுத்துத் தின்றார். மேடையேற அவர் உண்மையில் விரும்பினாரா என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

இயக்குநர் சும்மா இருக்கவில்லை. விழாக் களைப்பு தீரும் முன்பே போக்குவரத்துப் பிரிவோடு மல்லுக்கு நின்று, சனிக்கிழமைகளில் சும்மா கிடந்த பல்கலைக்கழக வேனை வாங்கிவிட்டார். முதல் சனிக்கிழமை ஓட்டுநர் வழி தவறி, வேறு பாலத்தில் ஏறி, வகுப்பு பாதி முடிந்தபிறகுதான் வந்துசேர்ந்தார். அதற்குள் அவள் வாசலுக்கும் மண்டபத்துக்குமாக நடந்து ஓய்ந்திருந்தாள்.

வேனிலிருந்து தையல்காரர் இறங்கினார். உடம்பு இளைத்திருந்தது. அவருக்குப் பின்னால், இதுவரை அவள் பார்த்தேயிராத முகங்கள். அக்கம்பக்கத்தில் கேள்விப்பட்டு ஏறிக்கொண்டவர்களாம். கடைசியாக ஓர் இளம்பெண், கணவனின் சட்டைக் கையைப் பிடித்தபடி இறங்கினாள்.

"பள்ளிக்கூட டீச்சர்ங்க இவ" என்றான் அவன், அவளுக்காக. உடனே நிறுத்திக்கொண்டு கேட்டான். "இவளாலே சொல்ல முடியுமா? நான் எவ்வளவு நேரம் காத்திருக்கணும்?"

"தெரியாதுங்க" என்றாள் டாக்டரம்மா. "உள்ள வாங்க."

உள்ளே நாற்காலி போதவில்லை. பக்கத்து வேதியியல் துறையில் கேட்டால், அனுமதிக் கடிதம் வேண்டும் என்றார்கள். "திங்கட்கிழமை தர்றேன்" என்று சொல்லிக்கொண்டே, பதிலுக்கு நிற்காமல் கைக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடையில் விரைந்தாள்.