முட்டையிடாத ஜோடி

"ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வேணுங்க."

"இங்க லவ் பேர்ட்ஸ் இல்லையே."

"அப்போ இவ்வளவு நேரமா கத்திக்கிட்டிருக்கறது என்ன?"

"பட்ஜி. லவ் பேர்ட்ஸ் வேற, இது வேற. எல்லாரும் மாத்திச் சொல்லியே பழகிட்டாங்க. சரி, என்ன கலர்?"

"நீலம்."

"நீலம்னா? ஸ்கை ப்ளூவா, கோபால்ட்டா, மோவா?"

"சும்மா நீலம்னு ஒண்ணு இல்லையா?"

இந்தப் பேச்சு நடந்து மாதங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் லென்சுக்கு ஓரம் தேய்க்கும்போது நடுவில் அது நினைவுக்கு வந்துவிட்டால், கண்ணாடிக்காரன் மிஷினை நிறுத்திவிட்டுத் தனியாகச் சிரிப்பான். தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் அவன். அன்று எதிரில் நின்று பேசியவள், எதிர்க் கட்டடத்து மாடியில் குடியிருக்கும் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடம் போக மிச்ச நேரமெல்லாம் மொட்டைமாடியில், பறவை வளர்த்து விற்கும் கூண்டுகளோடுதான் அவளுக்குப் பொழுது போகும்.

அன்றைக்கு அவன் வெறுங்கையோடு போகவில்லை, முந்தின நாள் போனில் படித்த ஒரே ஒரு பாடத்தோடு போயிருந்தான். அலகுக்கு மேலே மூக்குத் தோல் நீலமாக இருந்தால் ஆண், இல்லாவிட்டால் பெண். நீல மூக்கோடு ஒரு நீலப் பறவையையும், இளஞ்சிவப்பு மூக்கும் சிவப்புக் கண்ணுமாக ஒரு மஞ்சள் பறவையையும் மாப்பிள்ளை பெண் பார்ப்பதுபோல் சுட்டிக்காட்டினான்.

"ஒரு நிமிஷம், அந்த மஞ்சள் வந்து..." என்று டீச்சர் ஆரம்பித்தாள்.

"எனக்குத் தெரியுங்க. படிச்சிட்டுத்தான் வந்திருக்கேன்."

டீச்சர் திறந்த வாயை மூடிக்கொண்டாள். உதட்டோரம் லேசாகத் துடித்தது. தன் அறிவைக் கண்டு அசந்துவிட்டாள் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

பறவைகள் வீட்டுக்கு வந்தன. முட்டையிட மரப்பெட்டி மாட்டினான். முட்டை மட்டும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் மாடியேறிப் போய்ப் புகார் சொன்னான். டீச்சரும் சளைக்காமல் ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் கொடுத்தாள். பெட்டி ஜன்னலைப் பார்த்திருக்கிறது, திருப்பி வையுங்கள் என்றாள். திருப்பி வைத்தான். வெளிச்சம் போதவில்லை என்றாள். விளக்கை மாற்றினான். இரண்டுக்கும் கூச்ச சுபாவம், கொஞ்சம் தனியாக விடுங்கள் என்றாள். அவன் சொந்த வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பூனைபோல் நடந்தான்.

புகாரோடு பாடமும் நடக்கும். ஒரே பச்சையில் நிறம் கூடக்கூட லைட் க்ரீன், டார்க் க்ரீன், ஆலிவ். இறகின் ஓரத்தில் மட்டும் பேனாவால் கோடு இழுத்ததுபோல் இருந்தால் ஸ்பேங்கிள். திட்டுத் திட்டாக இருந்தால் பைடு. அவனுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது ஸ்பிளிட்.

"பார்க்க முழுப் பச்சை. ஆனா உள்ள நீலத்தை ஒளிச்சு வெச்சிருக்கும். எவ்வளவு உத்துப் பார்த்தாலும் வெளிய தெரியாது" என்று அவள் சொன்னபோது, அவனுக்கு யாரோ தன்னைப் பற்றிக் கோள் சொன்னதுபோல் இருந்தது.

ஒரு நாள் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் மறுபடி போனைத் திறந்தான். சிவப்புக் கண்ணுள்ள மஞ்சளுக்கு லூட்டினோ என்று பெயர் போட்டிருந்தது. அந்த வகையில் ஆணுக்கும் மூக்கு நீலமாவதில்லையாம், கடைசிவரை இளஞ்சிவப்புத்தானாம்; வளர்ந்த பெண்ணுக்கோ அது பழுப்பாகிவிடுமாம். கையிலிருந்த பிரேம் நழுவி விழுந்தது.

அடக் கடவுளே, இரண்டும் ஆண்!

முதலில் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருடமாகப் பறவை வளர்ப்பவளுக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரிந்தே விளக்கை மாற்ற வைத்தாளே! பிறகு மெதுவாக இன்னொன்று உறைத்தது. தெரிந்தும் ஏன் வாராவாரம் ஒரு காரணம் தேடிக் கொடுத்து, மறுபடி வரச்சொல்கிறாள்? குனிந்து பிரேமை எடுத்தவன் தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு முகத்தை நன்றாகத் தொங்கப்போட்டுக்கொண்டு போனான்.

"இன்னும் முட்டை வரலைங்க."

"அச்சச்சோ" என்றாள் டீச்சர், அவனைவிட நீளமாக முகத்தைத் தொங்கப்போட்டு.

இப்படியே காலத்தை ஓட்டியிருப்பான். கேட்க வேண்டியதை ஒவ்வொரு படியிலும் ஒத்திகை பார்த்துக்கொண்டு ஏறுவான், கேட்காமலே இறங்குவான். அக்கா அதற்கு முற்றுப்புள்ளி வைத்தாள். அக்கா பிரசவ வார்டில் நர்ஸ். அவளிடம் இழுத்தடிப்பு எதுவும் செல்லாது.

"பொண்ணு வீட்டுல இன்னிக்கு வரச் சொல்லிட்டாங்க. கிளம்பு."

"ஞாயித்துக்கிழமை எனக்குப் பறவை வேலை இருக்குக்கா."

"அதானே பார்த்தேன்! இத்தனை மாசமா ஒரு முட்டைக்கு வக்கில்லாத பறவைக்கு என்னடா வேலை? திருப்பிக் குடுத்துட்டு அப்படியே போயிடலாம்." சொல்லி முடிப்பதற்குள் கூண்டு அக்காவின் கையில் இருந்தது. அவன் பின்னாலேயே ஓடினான். அந்தக் கூண்டு போய்விட்டால் இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு அந்தப் படியேறுவது?

மாடியில் டீச்சர் தண்ணீர்க் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தாள். அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே சுற்றிலும் பார்த்தாள். ஒரு கூண்டில் அப்பாவும் அம்மாவும் பச்சை, நடுவில் ஒரு நீலக் குஞ்சு.

"இது எப்படிம்மா?" என்ற அக்காவின் பார்வை, பக்கத்துக் கூண்டில் அப்பாவியாக உட்கார்ந்திருந்த ஒரு நீல ஆண் மேல் போய் நின்றது. "எங்க வார்டுல இப்படிப் பொறந்தா பெரிய சண்டையே நடக்கும்."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ அக்கா, அது ஸ்பிளிட். ரெண்டு பேர் உள்ளேயும் நீலம் இருந்திருக்கு."

"என்னமோ போ. அது இருக்கட்டும், இந்த ஜோடிக்கு என்ன கேடு?"

சிரிப்பு நின்றது. டீச்சர் கண்ணாடிக்காரனைப் பார்த்தாள், பிறகு கிண்ணத்தைப் பார்த்தாள். "கேடெல்லாம் இல்லக்கா. ரெண்டும் ஆண். எனக்கு முதல் நாளே தெரியும்."

அவன் அதிர்ச்சியடைவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் காது மடல் மட்டும் சிவந்தது.

"உங்களுக்கு... தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"மழைக்காலத்துக்கு முன்னாடியே."

"அப்புறம் எதுக்கு வாராவாரம் அந்த மூஞ்சி?"

"நீங்க எதுக்கு வாராவாரம் அந்த அச்சச்சோ?"

"அடப்பாவிங்களா!" என்றாள் அக்கா. "ஊர் கண்ணுக்கெல்லாம் பவர் பார்க்கறவனுக்கு ஆம்பிளை எது பொம்பளை எதுன்னு தெரியல. பாடம் எடுக்கற டீச்சரம்மா அதுக்கு உடந்தை. நான் வீட்டுல ராத்திரி இருமக்கூட பயந்துக்கிட்டுக் கிடந்தேன், பறவை கூச்சப்படுமேன்னு! திருப்பிக் குடுக்கத்தான் வந்தேன், சரி, போனது போகட்டும். நிஜமான ஒரு பொண்ணா பார்த்து இதுல போட்டு அனுப்பும்மா. நாங்க கிளம்பணும். இவனுக்கு ஒரு இடம் வந்திருக்கு, அவங்க காத்துக்கிட்டிருப்பாங்க."

டீச்சரின் கை கூண்டுக் கதவில் அப்படியே நின்றது.

"அப்படியா... நல்லது" என்றாள். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவள் குரலில் குறும்பு இல்லை. திரும்பாமலே, சாம்பல் படிந்த ஊதா நிறத்தில் ஒரு பறவையைப் பிடித்தாள். "இது மோவ். பெண்தான், நிச்சயமா. இனி முட்டைக்குக் கவலையில்லை. நீங்க அடிக்கடி மாடியேற வேண்டியதில்லை."

"வேணாங்க" என்றான் அவன்.

"ஏன்டா வேணாம்? கலர் பிடிக்கலையா?"

"நீ கொஞ்சம் சும்மா இருக்கா."

அக்கா தன் ஆயுளில் கேட்டறியாத தொனி அது. கூண்டோடு ஓரடி பின்வாங்கி, தம்பியையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிரசவ வார்டில் எத்தனையோ முகங்களைப் படித்தவள். இந்த இரண்டும் புரியாமலா போகும்?

டீச்சரின் உள்ளங்கையில் அந்த மோவ் தலையை மட்டும் வெளியே நீட்டி, அவள் கட்டைவிரலைக் கொத்திக்கொண்டிருந்தது. அவளுக்கு அது உறைக்கவே இல்லை. படியேறும்போதெல்லாம் அவன் ஒத்திகை பார்த்த வசனங்கள் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை.

"சீக்கிரம் சொல்லித் தொலைடா, கூண்டு கனக்குது" என்றாள் அக்கா, பாதிக் குரலில்.

"டீச்சர்," என்றான் அவன், "எனக்கு முட்டை வேணாம், குஞ்சு வேணாம், மோவும் வேணாம். என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"