பிரேக் ரப்பர் மட்டும்

நூலகரின் கணவர் இறந்து ஏழெட்டு மாதம் கழித்து, உறை போட்டு மூடியிருந்த அவருடைய காரைத் திறந்தபோது, பிரேக் பெடலின் ரப்பர் இரும்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. இத்தனைக்கும் சாவதற்கு முந்தைய வாரம்தான் அவர் மூன்று பெடலுக்கும் புது ரப்பர் மாட்டியிருந்தார். அதன்பிறகு கார் வாசலைத் தாண்டவில்லை. கிளட்ச் ரப்பரிலும் ஆக்ஸிலேட்டர் ரப்பரிலும் கடைப் பளபளப்புகூடப் போகவில்லை. பேட்டரிக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க வந்த கொழுந்தனார், "யாரு அண்ணி வண்டிய எடுக்கறது?" என்று கேட்டார். யாரும் எடுப்பதில்லை என்றாள். மீட்டரில் இருந்த கிலோமீட்டர் கணக்கும் அவள் பக்கம்தான் பேசியது. எலி கடித்திருக்கும் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்து, ரப்பரை மாற்றிக் காரை விற்றுவிடலாம் என்றார். சரி என்றாள்.

கணவர் போன நாளிலிருந்து அவள் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொன்னாள். அவர் அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார் என்று போன் வந்தபோதும் அவள் வாயில் வந்தது அதே சொல்தான். அழுதுவிட்டால் பாரம் குறையும் என்று உறவுக்காரர்கள் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். அவள் கண் நனையவில்லை. கல்லு மாதிரி இருக்காளே என்று ஒருவர் காதை ஒருவர் கடித்துவிட்டு ஊருக்குக் கிளம்பினார்கள். அந்த வாரத்திலேயே அவளுடைய வலது பாதம் மரத்துப்போனது. கட்டிலில் இடித்து நகம் பெயர்ந்ததைக்கூட, தரையில் ரத்தத்தைப் பார்த்து மகள் கத்திய பிறகுதான் தெரிந்துகொண்டாள். டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு நரம்பில் ஒரு குறையும் இல்லை என்றார். சரி என்று சொல்லிவிட்டு நூலகத்துக்குப் போய், அன்றைக்குக் கொடுக்க வேண்டிய புத்தகங்களில் தேதி முத்திரை குத்தினாள்.

கொழுந்தனார் அனுப்பிய மெக்கானிக்குக்குப் பட்டப்பெயர் நிதானம். அவசரப்படுத்தினால் இன்னும் மெதுவாகச் செய்வான் என்பதால் யாரும் அவனை அவசரப்படுத்துவதில்லை. அவன் காருக்குள் தலையை விட்டுப் படுத்து, பழைய ரப்பரின் ஓரத்தை நெம்பிப் பழத்தோல் போல உரித்தான். இரும்பிலிருந்த அழுக்கைத் துணியால் துடைத்தான். புது ரப்பரை வெந்நீரில் போட்டு இளக்கி, ஒரு பக்கத்தை மாட்டி, மறுபக்க உதட்டை ஸ்க்ரூடிரைவர் முனையால் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான். நூலகர் வெந்நீர்க் குவளையோடு பக்கத்தில் நின்றிருந்தாள். தெருவில் உருண்ட பந்தின் பின்னால் ஒரு குழந்தை ஓட, வந்துகொண்டிருந்த வேன் சட்டென்று நின்றது. அதே நேரத்தில் பெடல் தானாகக் கீழே இறங்கி மெக்கானிக்கின் விரலை நசுக்கியது.

"ஏன்க்கா மிதிச்சீங்க?"

"நான் வெளியில நிக்கறேனே."

அவன் விரலை வாயில் வைத்துக்கொண்டு அவள் காலைப் பார்த்தான். வலது பாதம் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. கட்டைவிரல் நகம் வெளுத்திருந்தது. காலை எடுக்கச் சொன்னான். பெடல் மேலே வந்தது. அழுத்தச் சொன்னான், இறங்கியது. "அப்ப ரப்பர் மேல குத்தமில்ல" என்று சொல்லிவிட்டு வேலையை முடித்தான்.

கல்யாணமான நாள் முதல் காரில் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் பிரேக் போட்டுக்கொண்டேதான் வந்தாள். லாரி வந்தால், மாடு வந்தால், சிவப்பு விளக்கைத் தூரத்தில் பார்த்தால், பெடலே இல்லாத இடத்தில் அவள் கால் மிதிக்கும். அவள் பக்க மிதியடியில் ஒரு பள்ளமே விழுந்திருந்தது. "உனக்கும் ஒரு பெடல் வச்சுக் கொடுத்துடறேன், ஆளுக்குப் பாதியா ஓட்டலாம்" என்று அவர் கிண்டல் செய்வார். அவர் போன பிறகும் கால் பழக்கத்தை விடவில்லை. மரத்துப்போனதால் அது மிதிப்பது அவளுக்குத்தான் தெரியவில்லை.

காரை விற்க மகள் விடவில்லை. ஊருக்கு வெளியே இருந்த மருந்துத் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. அங்கே பஸ் போவதில்லை. ஓட்டத் தொடங்கிய முதல் வாரம் படாத பாடு பட்டாள். நூலகத்தில் யாராவது நாற்காலியைத் தடாலென்று இழுத்தால் போதும், பாலத்தின் மேல் கார் குலுங்கி நின்றுவிடும். பின்னால் வருகிறவர்கள் அவளைத் திட்டித் தீர்ப்பார்கள். அவள் ஓரமாக நிறுத்திவிட்டு, "அம்மா, கொஞ்சம் காலை எடுக்கிறியா?" என்று போன் செய்வாள். கடைசியில், மகள் சாலையில் இருக்கும் நேரமெல்லாம் நூலகர் தன் வலது காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்துக்கொள்வது என்று முடிவானது. படிக்க வருகிறவர்கள் மூட்டுவலி என்று நினைத்து ஆளுக்கொரு தைலம் சொன்னார்கள்.

ஒரு மழை நாளில் மகள் பாலத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். முன்னால் இரும்புக் குழாய் ஏற்றிய லாரி திடீரென்று நின்றது. அவளுடைய ஈரச் செருப்பு பெடலில் வழுக்கி ஓரத்தில் சிக்கிக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை. குழாய்களின் வாய்கள் கண்ணாடியை நோக்கி வந்தன. அந்த நேரம் நூலகத்தில், முத்திரைக் கட்டையை மையில் ஒற்றிக்கொண்டிருந்த நூலகரின் கால் முக்காலியிலிருந்து தானாக இறங்கித் தரையை ஓங்கி மிதித்தது. மிதித்தபடியே நின்றது. உள்ளங்காலில் தரை சில்லென்று இருந்தது. சில்லென்று இருக்கிறதே என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. வேறெதுவும் தோன்றவில்லை. காலை மட்டும் எடுக்கவில்லை.

மகள் நனைந்தபடி வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தாள். காருக்கும் குழாய்க்கும் நடுவில் கைக்குட்டை நுழையத்தான் இடம் இருந்தது என்றாள். நூலகர் துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டிவிட்டாள்.

"அப்பா போனாரே, அன்னிக்கு" என்றாள் நூலகர். "லீவு போட்டிருந்தேன். கட்டில்ல காலை மடக்கி உக்காந்து புஸ்தகம் படிச்சிட்டு இருந்தேன். கால் கீழயே படல."

மகள் துண்டின் ஓரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "கீழ வச்சிருந்தாலும் அப்பா போறது நின்னிருக்காதும்மா" என்றாள்.

"சரி" என்றாள் நூலகர். ஆனால் இந்தச் சரிக்குப் பிறகு அவள் கை துவட்டுவதை நிறுத்திவிட்டு மகளின் ஈரத் தலைமேல் அப்படியே கிடந்தது.

அதன்பிறகு முக்காலி புத்தக அலமாரியின் மேல்தட்டை எட்டுவதற்கு மட்டும் பயன்பட்டது. கார் அவ்வப்போது காரணமில்லாமல் வேகம் குறையும். மகளும் அதோடு சண்டை போடாமல் கியரை மாற்றிக்கொள்வாள். சில வருடங்களில் அவளுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. காரையும் எடுத்துப் போனாள். ஒரு ராத்திரிப் பயண தூரம். இருந்தும் தேய்மானம் குறையவில்லை. அந்த ஊர் மெக்கானிக் பெடலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஓட்டறது ஒரு ஆளு, மிதிக்கறது வேற ஆளு மாதிரி இருக்கே மேடம்" என்றான்.

"ஆமா, எங்கம்மா" என்றாள் அவள்.

அவன் தலையாட்டினான். அடுத்த தடவை வரும்போது பிரேக்குக்கு மட்டும் ரெண்டு ரப்பர் வாங்கிக்கொண்டு வரச் சொல்லிவிட்டு, வெந்நீர் வைக்க உள்ளே போனான்.