நேரில் வந்து சொல்ல வேண்டும்

போனில் சொல்ல முடியாது என்றார்கள். நேரில் வர வேண்டும். நடந்து வர வேண்டும். பெரியவர் முன்னால் உட்கார்ந்து தன் வாயால் சொல்ல வேண்டும். கல்யாணமானவர்கள் துறவு கேட்டால் மடத்தின் விதி அதுதான்.

"சரின்னு இப்பவே சொல்லிடறேனே," என்றாள் அவள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு இயந்திரத்திலிருந்து ஈர விரிப்புகளை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏறி வந்து சொன்னாதாம்மா செல்லும்," என்றது குரல். மரியாதையான, வயது குறைந்த குரல்.

அவளும் கணவனும் சேர்ந்து நடத்திய சலவைக்கடை. தங்கும் விடுதிகளின் விரிப்பு, தலையணை உறை, துண்டு. பிள்ளைகள் இல்லை. மழை பிடித்த மாதத்தில் ஒருநாள் அவன் எல்லா விடுதிகளிலும் துணியை இறக்கிவிட்டு, வேனைக் கடை வாசலில் நிறுத்தி, சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டான். சண்டை எதுவும் நடந்திருக்கவில்லை. சொல்லிக்கொள்ளவும் இல்லை. போலீஸ், ஆஸ்பத்திரி என்று அவள் அலைந்து முடித்த பிறகுதான் மலைமேல் இருக்கிறான் என்று தெரிந்தது. இப்போது இந்த போன்.

அவள் சரி என்றால் அவன் துறவி. கல்யாணம் அதோடு முடிந்தது. அவளும் கடையைக் கொடுத்துவிட்டு எங்காவது போய்த் தூங்கலாம். இல்லை என்றால் மடம் அவனை எடுத்துக்கொள்ளாது.

கடையை உதவிப் பெண்ணிடம் விட்டுவிட்டுக் கிளம்பினாள். நாத்தனார் கூட வந்தாள்.

நாத்தனாருக்கு ஸ்கூல் வேன் ஓட்டும் வேலை. பருத்த உடம்பு. அண்ணன் வைத்த பெயரால் இன்னும் குடும்பத்தில் எல்லோருக்கும் குட்டி. பஸ் நிலையத்துக்குப் பின்னால் கல் பாவிய பாதை தொடங்கிய இடத்திலேயே அண்ணாந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"இதுலயா? காலாலயா?"

"வேற எதால?"

"நான் உட்கார்ந்தே வேலை பார்க்கறவ அண்ணி. எனக்குக் கால் இருக்கறது பிரேக் போடத்தான்."

ஏறினார்கள். இரண்டு பக்கமும் உயரமான மரங்கள். வெயில் தரையைத் தொடவில்லை. வேர்கள் கல்லைப் பெயர்த்து வெளியே தள்ளியிருந்தன. கைத்தடி வைத்திருந்தவர்கள் வேகமாகத் தாண்டிப் போனார்கள். வேண்டிக்கொண்டு வந்தவர்கள் மெதுவாகப் போனார்கள். இவர்கள் அவர்களைவிட மெதுவாகப் போனார்கள்.

"எங்கண்ணன் மலையேறிட்டான்னு ஸ்கூல்ல சொன்னேன்," என்றாள் நாத்தனார், மூச்சு வாங்கியபடி. "பாடியை எப்ப எடுக்கறாங்கன்னு கேக்கறாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க மூச்சு இல்லை.

"நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க. முடியாதுன்னு சொல்லுங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன். காதைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துடறேன்."

"வந்து?"

"வந்து கடையைப் பார்க்கட்டும். நீங்க ஒருத்தியே எத்தனை நாளைக்கு?"

அவள் ஏறிக்கொண்டே இருந்தாள். முடிவு பண்ணிவிட்டுத்தான் வந்திருந்தாள். மனசார அனுப்பறேன். அவ்வளவுதான் சொல்ல வேண்டும் என்று போனில் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். தடங்கல் இல்லாமல் வந்தது. சோப்புத்தூள் விலை சொல்வது போல வந்தது.

மரங்கள் முடிந்து புல் தொடங்கியது. அங்கே எல்லோரும் நின்றார்கள். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் மேகம். அதற்கு அப்பால் ஒன்றன் பின் ஒன்றாக மலைகள், தூரம் போகப் போக நீலம் வெளுத்துக்கொண்டே போயிற்று. ஒரு குடும்பம் அவளிடம் போனை நீட்டிப் படம் எடுத்துத் தரச் சொன்னது. "கிட்ட வாங்க," என்றாள். கிட்ட வந்தார்கள். எடுத்தாள். நன்றாக இருக்கிறது என்றார்கள்.

"அழகா இருக்குல்ல," என்றாள் நாத்தனார்.

"இருக்கு."

"பார்க்கவே மாட்டேங்கறீங்களே."

"பார்த்துட்டேன் குட்டி. நட."

மடம் பாறையோடு பாறையாக இருந்தது. சாம்பல் நிறச் சுவர்கள், சின்னச் சன்னல்கள். அங்கி அணிந்த ஒருவர் வாசலில் எல்லோருக்கும் வெந்நீர் கொடுத்துக்கொண்டிருந்தார். போனில் பேசிய குரல் அவருடையதுதான். யாரென்று சொன்னதும் எழுந்து நின்றார்.

"ஏறி வந்தீங்களா? ரொம்ப நல்லதும்மா. பெரியவர் மருந்து சாப்பிட்டுப் படுத்திருக்கார். எழுந்ததும் கூப்பிடறேன். உங்க வீட்டுக்காரர் பின்னால இருக்கார், பாருங்க."

யாத்திரை வந்தவர்கள் தங்கும் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார்கள். போகும்போதே அவளுக்குச் சோப்பு வாசனை வந்துவிட்டது. நம்பவில்லை. திரும்பியதும் தெரிந்தது. முற்றம் முழுக்கக் கொடி. கொடி முழுக்க வெள்ளை விரிப்பு. நடுவில் அவள் கணவன், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு, இன்னொரு ஆளோடு விரிப்பு மடித்துக்கொண்டிருந்தான். இருவரும் முனைகளைப் பிடித்து உதறி, கிட்டே வந்து, விலகி, மறுபடி கிட்டே வந்தார்கள். அவன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அந்த ஆள் சிரித்தார்.

நாத்தனார் வாய்விட்டுச் சிரித்தாள். நிற்க முடியாமல் கல்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"துணியா! ஏண்டா, இங்கயும் துணியா? இதுக்கா இவ்வளவு மேல ஏறி வந்த?"

அவன் விரிப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். மெலிந்திருந்தான். நிறம் கறுத்திருந்தது. முகம் நன்றாக இருந்தது. அதுதான் அவளுக்கு முதலில் பட்டது.

"குட்டி," என்றான். பிறகு அவளைப் பார்த்து, "வந்துட்டியா," என்றான்.

"வரச் சொன்னாங்க."

மடித்துக்கொண்டிருந்த ஆள் நழுவிவிட்டார். அவள் கொடியில் கிடந்த ஒரு விரிப்பின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். கஞ்சி இல்லை. நீலம் இல்லை. சுத்தமாக இருந்தது.

"அங்க பண்ணினதும் இதே வேலைதானே," என்றாள்.

"இதேதான்."

"அப்புறம்?"

அவன் யோசித்தான். "இங்க யாரும் கறையக் காட்டிச் சண்டைக்கு வர மாட்டாங்க. காயலைன்னா காயலை. நாளைக்குக் காயும்."

"அங்க நான் இருந்தேன்," என்றாள்.

அவன் கையிலிருந்த விரிப்பை மடித்தான். நாத்தனார் அண்ணனை மேலும் கீழும் பார்த்தாள். சிரிப்பு நின்றிருந்தது.

"தூங்கறியாடா?"

"தூங்கறேன். படுத்தா விடிஞ்சுதான் முழிக்கறேன்."

"மாத்திரை இல்லாமயா?"

"இல்லாமதான்."

நாத்தனார் எழுந்து வந்து அண்ணியின் கையைப் பிடித்தாள். சற்றுத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணி. சரின்னே சொல்லிடுங்க."

"காதைப் பிடிச்சு இழுக்கறேன்னியே."

"சொன்னேன். மூஞ்சியப் பார்த்தீங்களா? எங்கம்மா போனப்புறம் அவன் மூஞ்சி இப்படி இருந்ததில்லை. சொல்லிடுங்க அண்ணி. விட்டுடுங்க."

"சொல்லத்தான் வந்திருக்கேன்," என்றாள் அவள்.

பெரியவரின் அறை தாழ்வான கூரையுடன் இருந்தது. ஒரு பெஞ்சு, ஒரு கட்டில், சன்னலோரம் மருந்துப் புட்டிகள். அவர் கம்பளித் தொப்பியும் சளியுமாக உட்கார்ந்திருந்தார். அவளைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார். கணவன் சுவரோரம் நின்றான். நாத்தனார் கதவருகில் நின்றாள்.

"மன்னிச்சுக்கம்மா, இருமல் நிக்க மாட்டேங்குது. பாதை ஈரமா இருந்ததா?"

"கொஞ்சம்."

"கேக்கறது ஒரே கேள்விதான். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, அவசரம் இல்லை. இவரை மனசார அனுப்பறீங்களா?"

"அனுப்பறேன்."

அவர் காத்திருந்தார். அவளும் காத்திருந்தாள், முடிந்துவிட்டது என்று.

"மனசார?" என்றார் அவர்.

அவள் வாயைத் திறந்தாள். வளைவுக்கு வளைவு வந்த சொல் வரவில்லை. கணவனைப் பார்த்தாள். அவன் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தான், விடுதி மேலாளர் பில்லில் கையெழுத்துப் போடும் வரை நிற்பது போல. வந்ததிலிருந்து அவன் அவளை எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. அது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். அதுவும் வரவில்லை.

"இல்லைங்கய்யா," என்றாள்.

"அண்ணி," என்றாள் நாத்தனார்.

"அப்ப தடுக்கறீங்களா?" என்றார் பெரியவர்.

"தடுக்கலை. அவர் வரணும்னும் எனக்கு இல்லை. எனக்கு அலுத்துப் போச்சுங்கய்யா. போகட்டும்னு தோணுது. மனசாரன்னு கேட்டா, அங்க ஒண்ணும் இல்லை."

பெரியவர் இருமினார். துணியால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க பொய் சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது," என்றார். "ஆனா அலுப்புல ஒருத்தர் குடுக்கறதை நாங்க வாங்கிக்க முடியாதும்மா. வாங்கி வெச்சவங்க இருக்காங்க. அப்படி வந்தவங்க யாரும் தங்கினதில்லை." பிறகு அவனைப் பார்த்தார். "அங்கி கிடையாது. வேலையாளா இருக்கணும்னா இரு. சோறும் படுக்கையும் உண்டு. எங்க பந்தியிலயும் பிரார்த்தனையிலயும் இடம் இல்லை. இல்லைன்னா வீட்டுக்குப் போ. ரெண்டும் தப்பில்லை."

அவ்வளவுதான். வெளியே வந்தார்கள்.

அவன் முன்னால் நடந்து முற்றத்துக்கு வந்தான். கொடிகளுக்கு நடுவே போனதும் திரும்பினான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவன் குரல் உயர்ந்து கேட்டதில்லை.

"ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. உனக்கு என்ன குறைஞ்சுடும்?"

"தெரியலை."

"பழி வாங்கறியா?"

"மலையேறி வந்து பழி வாங்க எனக்கு எங்க தெம்பு இருக்கு?"

"பின்ன ஏன்?"

"கேட்டாரு. இருக்கறதைச் சொன்னேன். நீங்க போகணும்னு நீங்களா முடிவு பண்ணீங்க. என்னைக் கேக்கலை. சாவியை மாட்டினீங்க, போயிட்டீங்க. இப்ப மனசு மட்டும் என்னோடது வேணுமா?"

அவன் ஒரு விரிப்பை விலக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றான். விரிப்புக்கு அடியில் அவன் பாதங்கள் தெரிந்தன.

"இப்ப நான் என்ன பண்றது?" என்று அங்கிருந்தே கேட்டான்.

"அதை என்கிட்ட கேக்காதீங்க," என்றாள். "இருங்கன்னு சொல்ல மாட்டேன். வாங்கன்னும் சொல்ல மாட்டேன். எனக்குத் தூக்கம் வருது."

உண்மையாகவே வந்தது. தங்கும் கட்டடத்தில் காலியாக இருந்த ஒரு கட்டிலில் படுத்தாள். விரிப்பு சொரசொரவென்று இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நாத்தனார் கால்மாட்டில் உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அது பாதியில் அறுந்தது.

எழுப்பியபோது சன்னலில் வெயில் இடம் மாறியிருந்தது.

"கிளம்பணும் அண்ணி. இருட்டிட்டா பாதை தெரியாதாம்." நாத்தனார் தயங்கினாள். "அண்ணன் பையைக் கட்டிட்டு வாசல்ல நிக்கறான்."

"வரேன்னு சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லலை. பையோட நிக்கறான்."

வாசலில் அவன் நின்றிருந்தான். சின்னப் பை. வெந்நீர் கொடுப்பவர் அவனுக்கும் ஒரு குவளை கொடுத்திருந்தார். அவன் குடிக்காமல் வைத்திருந்தான். சவரம் செய்திருந்தான். வீட்டில் போட்டிருந்த சட்டை அவனுக்கு இப்போது தொளதொளவென்று இருந்தது.

"வரட்டுமா?" என்றான் அவளிடம்.

அவள் அந்தச் சட்டையைப் பார்த்தாள். வாங்கன்னு சொன்னால் வருவான். வேனை ஓட்டுவான், துணி இறக்குவான், அவள் சொன்னதால் வந்தேன் என்று மாத்திரை போட்டுக்கொண்டு விழித்துக் கிடப்பான். வேண்டாம் என்றால் இருப்பான், அவள் சொன்னதால் இருக்கிறேன் என்று. இரண்டையும் அவளால் தூக்க முடியாது.

"உங்க இஷ்டம்," என்றாள். கோபமில்லாமல் சொன்னாள். "பாதை எல்லாருக்கும் பொதுதானே."

வாசலில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டு இறங்கத் தொடங்கினாள். நாத்தனார் அண்ணனின் கன்னத்தைத் தட்டிவிட்டு, பின்னாலேயே ஓடி வந்தாள்.

இறக்கம் ஏற்றத்தைவிட மோசமாக இருந்தது. முழங்கால் ஒவ்வொரு கல்லுக்கும் கணக்குக் கேட்டது. மேகம் கலைந்து பள்ளத்தாக்கில் ஒரு ஆறும் ஒரு பாலமும் தெரிந்தன. முதல் வளைவில் நாத்தனார் நின்றாள். அவள் நிற்கவில்லை.

"அண்ணி, அங்கயேதான் நிக்கறான்."

"ம்."

"குடிச்சுட்டான். குவளையக் குடுக்கறான்." பிறகு சொன்னாள், "உள்ள போறான்."

அவள் நின்றாள். திரும்பவில்லை.

"பை?"

"எடுத்துட்டுத்தான் போறான்."

அவள் தலையை அசைத்தாள். இன்னும் கொஞ்ச தூரம் நடந்து, பாதையோரப் பாறையில் உட்கார்ந்தாள். நாத்தனார் வந்து பக்கத்தில் உட்கார இடம் போதவில்லை. இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அழறதுன்னா அழுங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

"அழுகை வரலை. பசிக்குது."

"எனக்கு அப்பவே பசிச்சுது. இந்த நேரத்துல எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன்."

நாத்தனார் பையைத் துழாவிக் காலையில் வாங்கிய ரொட்டியை எடுத்தாள். நசுங்கிக் காய்ந்திருந்தது. இரண்டாகப் பிய்த்தாள். பெரிய துண்டை அண்ணியிடம் கொடுத்தாள். இருவரும் மென்றார்கள். மெல்ல நேரம் பிடித்தது.