டுக்கு யாருடைய பொம்மை?

ஆனந்தகுமார் திருச்செங்கோட்டுக்காரன். சொந்தமாக ரிக் லாரி வைத்து, ஊர் ஊராகப் போய் போர்வெல் போடுகிற தொழில். அவன் அதட்டினால் வேலையாட்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். அப்படிப்பட்டவனுக்கு டுக்கு என்றால் உயிர்.

டுக்கு, ஒரு கார்ட்டூன் படத்தில் வரும் காண்டாமிருகக் குட்டி. கொம்பு கொஞ்சம் கோணல். கூட்டத்தைத் தவறவிட்டு, ஒரு பாறைமேல் உட்கார்ந்து, "யாராச்சும் வருவாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும். பள்ளிக்கூட வயதில் பார்த்த படம். போட்ட போரில் தண்ணீர் வராமல், தோட்டத்துக்காரர் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பும் நாட்களில் இன்றைக்கும் அதைத்தான் போட்டுப் பார்ப்பான். மனைவி ஸ்ரீதேவி பக்கத்தில் உட்கார்ந்து மொச்சை உரிப்பாள். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கடையில் டுக்கு பொம்மையைப் பார்த்து அவன் கூச்சப்பட்டு நின்றபோது, உள்ளே போய் வாங்கி வந்தவளும் அவள்தான்.

அவர்களுக்குக் கல்யாணமாகிப் பல வருடம். குழந்தை இல்லை.

தை மாதம் ஆனந்தகுமாரின் அத்தை பாவாயி உறவுக்காரர்களோடு விருந்துக்கு வந்தார். படுக்கையறைக்குள் போனவர் பொம்மையும் கையுமாக வெளியே வந்தார்.

"ஏஞ்சாமி, குழந்தையில்லாத ஊட்டுல இது யாருக்கு?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். ஆனந்தகுமாருக்குக் காது சுட்டது.

"அவ வெச்சிருக்கறதுங்கத்தை. குழந்தை ஏக்கம். நானும் உட்டுட்டேன்."

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த ஸ்ரீதேவியின் கை ஒரு கணம் நின்றது. பிறகு அடுத்த இலைக்குப் போனாள். அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்போதும் அவள் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பேச்சு உறவெல்லாம் பரவியது. அடுத்த மாதம் சேந்தமங்கலத்தில் ஒரு காதுகுத்து. தொட்டிலில் அழுத குழந்தையை ஸ்ரீதேவி தூக்கப் போனாள். தாய் ரஞ்சனி ஓடிவந்து குழந்தையை வாரிக்கொண்டாள்.

"வேண்டாங்கக்கா. பொம்மையை மடியில போட்டுத் தாலாட்டறீங்களாமா... நீங்க உக்காருங்க."

ஸ்ரீதேவி நீட்டிய கைகளை மடக்கிக்கொண்டாள்.

பந்தியில் இருந்த ஆனந்தகுமார் சோற்றுக் கையோடு எழுந்தான்.

"அந்தப் பொம்மை என்னுதுங்க. படம் பாக்கறதும் நான்தான். கூச்சப்பட்டுட்டு அவ மேல போட்டுட்டேன்."

யாரோ சிரித்தார்கள். "மாப்பிள்ளைக்குப் பால்புட்டி எடுத்துட்டு வாங்கப்பா!" பந்தியே சிரித்தது. ஸ்ரீதேவி மட்டும் சிரிக்கவில்லை. அவன் பக்கம் திரும்பவும் இல்லை.

காரில் வரும்போது சொன்னாள்: "சிரிச்சாங்க, முடிஞ்சுது. இதுக்குப் பயந்துதானா என்னைய அத்தனை பேரு முன்னால அப்படிச் சொன்னீங்க?"



மறுநாள் அத்தை வீட்டுக்குத் தனியாகப் போய் நடந்ததைச் சொன்னான். பாவாயி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"அந்தப் புள்ளகிட்ட மன்னாப்புக் கேட்டியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஊரறிய உண்மையைச் சொல்லிவிட்டான்; ஆனால் அவளிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல நா எழவில்லை.

"வண்டியை எடு சாமி. அத்தனை பேரு முன்னால பொம்மையைத் தூக்கிட்டு வந்தவ நான். நானும் கேக்கோணும்," என்று அத்தை செருப்பை மாட்டினார்.

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் அவர் விடுவிடுவென்று உள்ளே போனார். அவன் இறங்கி, முற்றத்தைத் தாண்டி, ஸ்ரீதேவி நின்றிருந்த சமையலறைக்குத் தயங்கித் தயங்கி நடந்தான்.